பந்தி விசாரிப்பும் பரிசுத்த ஆவியும்

வேத பகுதி: அப்போஸ்தலர் 6:1-8

 

எழுப்புதல் செய்தியில் மளிகைக் கணக்கா என்று சிலர் நினைக்கலாம். "பாஸ்டர் ஐயா, அபிஷேகத்தைப் பத்தி எழுதுங்க, அக்கினியைப் பத்தி எழுதுங்க. அரிசி பருப்பைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று ஒரு வாலிபத் தம்பி என்னிடம் கேட்டும் விட்டார். தம்பி, வேதத்தைத் திறந்து பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளின் அக்கினி இறங்கிய அதே எருசலேம் சபையில் முதன்முதலாக எழும்பின முறுமுறுப்பு எதைப்பற்றி? சாப்பாட்டைப்பற்றி! அன்றாட விசாரணையில் கிரேக்கருடைய விதவைகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பேச்சு எழும்பிற்று. அப்போஸ்தலர்கள் அதை அற்பமாக எண்ணவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். பந்தி விசாரிக்கிறவனுக்கு என்ன தகுதி கேட்டார்கள்? நற்சாட்சி வேண்டும், ஞானம் வேண்டும், பரிசுத்த ஆவியின் நிறைவும் வேண்டும் என்றார்கள்.

கவனியுங்கள் தேவ ஜனமே. சோற்றைப் பங்கிடுகிற வேலைக்கு ஆவியின் நிறைவு தேவைப்பட்டது. அந்தப் பந்தி ஒழுங்கானபின்புதான் வசனம் விருத்தியடைந்தது, சீஷர்கள் பெருகினார்கள் என்று ஏழாம் வசனத்தில் வாசிக்கிறோம். பந்தி விசாரித்த ஸ்தேவானே எட்டாம் வசனத்தில் அற்புதங்களைச் செய்கிறவனாக நிற்கிறான். உங்கள் வீட்டு அடுப்படியும் ஒரு பந்தி. மாதம் முழுவதும் அதை விசாரிக்கிற சகோதரிக்கும், அதற்குச் சம்பாதித்துக் கொண்டுவருகிற சகோதரனுக்கும் அதே ஆவியும் அதே ஞானமும் வேண்டும். இந்தச் செய்தியில் அதைத்தான் தியானிக்கப்போகிறோம்.

1. வீட்டில் என்ன இருக்கிறது?

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசாவிடம் வந்து கதறுகிறாள். புருஷன் தேவனுக்குப் பயந்தவன், ஆனால் கடன் வைத்துவிட்டுப் போய்விட்டான். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். தீர்க்கதரிசி அவளிடம் முதலில் கேட்ட காரியம், வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான். ஒன்றும் இல்லை என்றுதான் அவள் தொடங்கினாள். தொடர்ந்து பேசும்போதுதான் ஒரு குடம் எண்ணெய் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஒரு குடத்தில்தான் அற்புதம் நடந்தது.

பிரியமானவர்களே, நம்மில் அநேகர் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே கடைக்குப் போகிறோம். டப்பாவில் இரண்டு கிலோ உளுந்து இருக்கும், இன்னும் ஒரு கிலோ வாங்குவோம். போன மாதத்து ரவையில் வண்டு விழுந்திருக்கும், புது ரவை வந்து மேலே உட்காரும். கடைக்குப் போகுமுன் ஒரு பத்து நிமிஷம் டப்பாக்களைத் திறந்து பாருங்கள். இருப்பதை ஒரு பக்கமும் வேண்டியதை மறு பக்கமும் எழுதுங்கள். இதற்குச் செலவு ஒரு ரூபாய் பேனா மை கூட இல்லை.

அந்தக் குடத்தைப்போல நாம் மறந்துபோகிற ஒன்று ரேஷன் கார்டு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் மாதம் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் தரப்படுகிறது. நான்கு பேர் உள்ள அரிசி கார்டுக்கு மாதம் 20 கிலோ. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வெளியே அந்தப் பருப்பு நூறு ரூபாய்க்கு மேல். ஆனால், "ரேஷன் அரிசியா? அதை யாருங்க திம்பா?" என்று கோழிக்குப் போடுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அற்ப விலைக்கு விற்றுவிட்டு, கடையில் கடனுக்குப் பொன்னி அரிசி வாங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இது கௌரவம் அல்ல. புழுங்கல் அரிசியை நன்றாகக் களைந்து ஊறவைத்து இட்லிக்கு ஆட்டிப் பாருங்கள். பாதி நாள் சோற்றுக்கும் அதையே பொங்குங்கள். தேவன் வழியில் வைத்த குடத்தை உதைத்துத் தள்ளாதிருப்போமாக.

2. கணக்குப் பார்க்கிறவன் அவிசுவாசியா?

"கர்த்தர் பாத்துக்குவார், கணக்கெல்லாம் எதுக்கு?" என்று பேசுவது சில இடங்களில் விசுவாசமாக எண்ணப்படுகிறது. யோவான் 6-ம் அதிகாரத்தை வாசியுங்கள். இத்தனை பேருக்கு அப்பம் எங்கே வாங்கலாம் என்று பிலிப்புவைக் கேட்டவர் ஆண்டவர்தாமே. பிலிப்பு கணக்குப் போட்டு, இருநூறு பணம் ஆனாலும் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும் என்றான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. லூக்கா 14-ல் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று அவரே போதித்தார். அற்புதம் செய்கிறவர் கணக்கை வெறுக்கிறவர் அல்ல.

இங்கே ஒரு குடும்பத்தைப்பற்றிச் சொல்லுகிறேன். அவர்கள் சம்மதத்தோடே எழுதுகிறேன், பெயர் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு சகோதரி மயங்கி விழுந்தார்கள். அபிஷேகத்தில் விழுந்தார்கள் என்று சுற்றியிருந்தவர்கள் ஸ்தோத்திரம் பண்ணினார்கள். என் மனைவி போய்க் கையைப் பிடித்துப் பார்த்தபோது கை சில்லென்று இருந்தது. உள்ளே அழைத்துப்போய்க் கஞ்சி கொடுத்து விசாரித்தபோது, அந்த மகள் அழுதுகொண்டே சொன்னாள்: "அக்கா, நாலு மாசமா நான் ராத்திரி சாப்பிடறதில்ல. புள்ளைங்களுக்கும் அவருக்கும் வெச்சுட்டா மிச்சம் இருக்காது. கேட்டா உபவாசம்னு சொல்லிடுவேன்." புருஷனுக்கு இது தெரியவே தெரியாது. மளிகைக்கடை நோட்டில் பாக்கி 11,400 ரூபாய். அண்ணாச்சி முகத்துக்குப் பயந்து அவள் வேறு தெரு சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் இருவரையும் உட்காரவைத்து, ஜெபித்துவிட்டு, ஒரு பழைய டைரியை எடுத்தேன். அவருக்குக் காவலாளி வேலை, சம்பளம் 14,000. அவள் தையலில் 2,500. மொத்தம் 16,500. செலவை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். வாடகை 4,500. குழுக்கடன் வாரம் 650 வீதம் 2,600. மளிகையும் காய்கறியும் 6,200. பால் 1,200. கேஸ் 700. பஸ் 800. பள்ளிக்கூடச் செலவும் கரண்ட் பில்லும் 900. அவருடைய டீக்கடைச் செலவு 1,500. கூட்டினால் 18,400! மாதம் 1,900 ரூபாய் பள்ளம். ஆறு மாதத்தில் அதுவே 11,400 ஆகிவிட்டது. அந்தச் சகோதரன் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "ஐயா, யாரும் எங்களை ஏமாத்தல. நாங்கதான் கூட்டிப் பாக்கல" என்றார்.

என்ன செய்தார்கள்? விற்றுக்கொண்டிருந்த ரேஷன் அரிசியைச் சமைக்க ஆரம்பித்தார்கள். 25 கிலோ மூட்டைக்குப் பதில் பத்துக் கிலோ மட்டும் வெளியே வாங்கினார்கள், 840 ரூபாய் மிச்சம். ரேஷன் பருப்பிலும் எண்ணெயிலும் ஏறக்குறைய 205. தினமும் வாங்கின சின்னச் சின்னப் பாக்கெட்டுகளையும் பிள்ளைகளின் கடைத் தின்பண்டத்தையும் நிறுத்தி, மாதச் சாமானைக் காசு கொடுத்து மொத்தமாக வாங்கினதில் 755. ஆக மளிகையில் 1,800 குறைந்தது. அவர் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் டீ கொண்டுபோனார், அதில் 1,000. இப்போது பள்ளம் போய் 900 ரூபாய் மிஞ்சிற்று. அதில் 150 ரூபாய்க்கு முட்டை, அது அம்மாவுக்கு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மீதி 750-ஐ மாதாமாதம் அண்ணாச்சி கடைக்குக் கட்டினார்கள். பதினாறாவது மாதம் கடைசி 150 ரூபாயைக் கொடுத்தபோது, அண்ணாச்சி அந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாராம். அல்லேலூயா! அந்த விதவைக்கு எலிசா சொன்ன ஒழுங்கும் இதுதான்: எண்ணெயை விற்று முதலில் கடனை அடை, மீந்ததைக்கொண்டு பிழைத்திரு.

3. மன்னாவின் அளவு

யாத்திராகமம் 16-ல் தேவன் தலைக்கு ஒரு ஓமர் என்று அளந்து கொடுத்தார். பேராசைப்பட்டு விடியற்காலம் மட்டும் வைத்தவனுடைய மன்னா புழுத்துப்போயிற்று. ஆறாம் நாளிலோ இரட்டிப்பாய்ச் சேர்க்கச் சொன்னார், அது கெடவில்லை. எதை அன்றன்றைக்கு வாங்கவேண்டும், எதைச் சேர்த்துவைக்கலாம் என்பதற்கு இது நல்ல பாடம்.

கீரை, தக்காளி, வெண்டைக்காய் இவையெல்லாம் மன்னா. இரண்டு நாளுக்குமேல் வாங்கி அடுக்காதிருங்கள். அரிசி, பருப்பு, உப்பு, புளி, மிளகாய் மாதத்துக்கு ஒருமுறை. வாரத்துக்கு ஏழு நாள் என்ன சமையல் என்று சனிக்கிழமை இரவே ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். திங்கள் சாம்பார், செவ்வாய் தட்டைப்பயறு குழம்பு, புதன் ரசமும் முட்டையும், வியாழன் முருங்கைக்கீரையும் பருப்பும், வெள்ளி மொச்சைக் குழம்பு, சனி மீன், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சீக்கிரமாகச் செய்யத் தக்கது ஒன்று. எழுதிவைத்தால், "இன்னைக்கு என்ன சமைக்கிறது?" என்று மாலை ஆறு மணிக்குத் தவித்து, கடைசியில் ஓட்டல் பரோட்டாவுக்கு ஆள் அனுப்புகிற வேலை இராது.

சாளை மீனும் கொள்ளும் தட்டைப்பயறும் மலிவு என்பதால் சத்துக் குறைந்தவை அல்ல. தானியேல் ராஜபோஜனத்தைத் தள்ளிவிட்டுக் கேட்டதே பருப்பு முதலான மரக்கறிதானே! பத்து நாளுக்குப்பின் அவன் முகம்தான் களையாக இருந்தது.

மதுரை அண்ணாநகரில் 1999 நவம்பர் 14-ம் தேதி முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அதுமுதல் பல ஊர்களில் வந்துவிட்டது. விவசாயியே கொண்டுவந்து விற்கிறார், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். அந்த விலையைப் பார்த்து வைத்துக்கொண்டால் தள்ளுவண்டியில் வாங்கும்போதும் ஏமாறமாட்டீர்கள். மளிகைக்கு எங்கள் சபையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து மதுரை கீழமாசி வீதிக்குப் போய் மொத்த விலையில் வாங்கி வீட்டில் நிறுத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரு ஆட்டோ வாடகையை நான்காகப் பிரித்தால் பாரம் தெரிவதில்லை. கடைக்குப் போகும்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசித்தவன் கண்ணுக்கு எல்லாம் அவசியமாகவே தெரியும், ஏசாவைக் கேட்டால் சொல்லுவான்!

பாக்கெட்டின் விலையைப் பார்க்கிறோம், எடையைப் பார்க்கிறதில்லை. பத்து ரூபாய் பாக்கெட் பத்து ரூபாயாகவே இருக்கும், உள்ளே கிராம் குறைந்துகொண்டே போகும். ஆகையால் கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

4. யோசேப்பின் களஞ்சியம்

நல்ல வருஷங்களில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தபடியால் எகிப்து பிழைத்தது. நம் பாட்டிமார் இந்த ஞானத்தை அறிந்திருந்தார்கள். மாசி பங்குனியில் புதுப்புளி வரும்போது வருஷத்துக்கு வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தார்கள். சித்திரை வெயிலில் மிளகாய் காயவைத்தார்கள், மோர்மிளகாயும் வடகமும் போட்டார்கள். மழைக்காலத்தில் காய்கறி விலை ஏறும்போது அந்த வடகக் குழம்புதான் வீட்டைக் காத்தது.

2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் தக்காளியும் அப்படியே. அந்த மாதத்தில் ஒரு சகோதரி, "தக்காளி இல்லாம எப்படிங்க ஐயா குழம்பு வைக்கிறது?" என்று கேட்டார்கள். அம்மா, புளி எதற்கு இருக்கிறது? விலை ஏறினதைச் சில வாரம் விட்டுவிட்டால் வீடு கெட்டுப்போகாது. முருங்கைக்காய் மார்கழியில் விலை ஏறி நிற்கும், கோடையில் மலிந்து கிடக்கும். எது மலிந்திருக்கிறதோ அதுவே அந்தப் பருவத்துக்குத் தேவன் தந்தது என்று வாங்குங்கள்.

5. துணிக்கைகள்

ஐயாயிரம் பேருக்குப் போஷித்தவர், மீதியை அங்கேயே விட்டுவிட்டுப் போகவில்லை. ஒன்றும் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார், பன்னிரண்டு கூடை நிறைந்தது. இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழையது, அதற்குச் சின்ன வெங்காயம் போதும். மீந்த இட்லி உப்புமாவாகட்டும். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகட்டும். பிள்ளை தட்டில் மீதி வைக்கிறதென்றால் முதலில் குறைவாகப் பரிமாறுங்கள். குப்பைக்கூடையைப் பாருங்கள், உங்கள் பட்ஜெட் எங்கே ஒழுகுகிறது என்று அது சொல்லிவிடும்.

6. தாய்க்கும் ஒரு தட்டு

இப்போது நான் பாரத்தோடே எழுதுகிற பகுதிக்கு வருகிறேன். சிக்கனம் என்றால் பல வீடுகளில் ஒரே ஒரு ஆளின் வயிற்றில்தான் சிக்கனம். கடைசியில் சாப்பிடுகிறவள் தாய். சட்டியில் ஒட்டினது அவளுக்கு. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. அதில் நம் சபைச் சகோதரிகளும் இருக்கிறார்கள்.

உபவாசத்தை நான் கனப்படுத்துகிறேன், அதின் வல்லமையை அறிந்திருக்கிறேன். ஆனால் சோறு இல்லாததினால் பட்டினி கிடந்து அதற்கு உபவாசம் என்று பேர் வைப்பதைத் தேவன் கேட்கவில்லை. ஏசாயா 58-ல் அவர் விரும்புகிற உபவாசம், பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வது. உன் வீட்டில் பசித்தவள் உன் மனைவியாயிருந்தால்? யவீருவின் மகளை உயிரோடே எழுப்பினவுடனே, பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். சோர்ந்துபோன எலியாவிடம் தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான்.

ஆகையால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வையுங்கள். தாய் தட்டிலும் முட்டை இருக்கட்டும். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொண்டால் அதிலுள்ள இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டவுடனே டீ குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரம் பொறுங்கள்.

இன்னொன்று. நான் மேலே சொன்ன அந்த மகள் ஒரு பொருத்தனைக்காக 500 ரூபாய் வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போட்டிருந்தாள். அதை நான் திருப்பிக் கொடுத்து, கொடுத்தவரிடம் கட்டிவிடச் சொன்னேன். ஒருவனிடத்தில் இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அது அங்கீகரிக்கப்படும் என்பதுதானே 2 கொரிந்தியர் 8:12-ன் கருத்து! சம்பளம் வந்ததும் கர்த்தருக்கென்று முதலில் எடுத்து வையுங்கள். அது உங்கள் வருமானத்திலிருந்து வரட்டும், வட்டிக்காரன் கையிலிருந்து வரவேண்டாம்.

7. சகோதரருக்கும் சபைக்கும்

சகோதரரே, பையைக் கொடுத்து, "பாத்து வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்துவிடாது. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் மோசமானவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். சம்பளம் எவ்வளவு என்பது மனைவிக்குத் தெரியட்டும், கடை பாக்கி எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியட்டும். மாதத்தில் ஒரு நாள் இருவரும் நோட்டோடு உட்காருங்கள். சண்டை வரும்போல் இருந்தால் முதலில் முழங்காலில் நின்றுவிட்டு உட்காருங்கள்.

சபையாரே, எவ்வளவு கணக்குப் போட்டாலும் போதாத வீடுகள் உண்டு. வேலை இழந்தவன், கைவிடப்பட்டவள், வியாதிப்பட்டவன். அவர்களிடம் போய்ச் சிக்கனப் பிரசங்கம் பண்ணவேண்டாம். அங்கே அப்போஸ்தலர் 6-ம் அதிகாரம் நம்முடைய வேலை. சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கிற வழக்கம் நம் சபைகளில் இருந்தது. அந்தப் பிடி அரிசிப் பானையை மறுபடியும் அடுப்படியில் வையுங்கள். நாற்பது வீடுகள் நாளொன்றுக்கு 50 கிராம் எடுத்துவைத்தால், முப்பது நாளில் 60 கிலோ! மூன்று வீடுகளுக்கு ஆளுக்கு 20 கிலோ ஆயிற்று. எடுத்துவைத்தவன் வீட்டில் ஒன்றும் குறையாது. வாங்குகிறவர்கள் வெட்கப்படாதபடி இருட்டின பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள்.

பிரியமானவர்களே, இந்தச் செய்தியைப் படித்துவிட்டு வைத்துவிடாதேயுங்கள். இன்று இரவே ஒரு நோட்டு எடுத்து முதல் பக்கத்தில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் வரவு, மூன்றாம் பக்கத்தில் செலவு. கூட்டிப் பார்க்கப் பயப்படவேண்டாம், உங்கள் பற்றாக்குறையை அவர் முன்னமே அறிந்திருக்கிறார்.

ஜெபிப்போம். அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்த ஆண்டவரே, எங்கள் அடுப்படிகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். கடனால் தலைகுனிந்திருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் நிமிரச் செய்யும். கணக்குப் போடுகிற ஞானத்தைத் தாரும், கொடுக்கிற மனதையும் தாரும். எங்கள் வீடுகளில் ஒரு தாயும் மறைவில் பசித்திராதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.